ஆட்டமும் அளவும்



விளையாட்டை விரும்பாதவர் உலகில் எவரும் இலர். தொட்டிலில் கிடக்கும் குழந்தை கிலுகிலுப்பையைக் கண்டு சிரிக்கிறது. பள்ளிச் சிறுமி பாண்டி ஆடி மகிழ்கிறாள். வயது முதிர்ந்த பாட்டியும் பேத்தியுடன் பல்லாங்குழிக்கு உட்கார்ந்துவிட்டால் தம் மூட்டுவலியை மறந்துவிடுகிறார். உடலுக்கு உணவு எப்படியோ, உள்ளத்திற்கு விளையாட்டு அப்படி. ஆகவே, "விளையாடாதே என்று சொல்ல இன்னுமொரு டீச்சர் வந்துவிட்டார்" என்று இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் சொல்ல வந்தது அதுவன்று.

இன்று நம் வீடுகளில் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அது நல்லதா, கெட்டதா?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. அக்கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்போம். இந்த ஆட்டம் எப்போது முடிகிறது? அதை முடித்து வைப்பவர் யார்? இதற்கு விடை கண்டுவிட்டால், அளவு என்றால் என்ன என்பது தானே விளங்கும்.

பழைய ஆட்டங்களின் முடிவு

நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். பல்லாங்குழியில் ஒருத்தியிடம் முத்துகள் தீர்ந்துவிட்டால் ஆட்டம் தீர்ந்தது. தாயத்தில் காய்களெல்லாம் பழமாகிவிட்டால் ஆட்டம் முடிந்தது. தெருவில் ஆடும் பாண்டிக்கும் கண்ணாமூச்சிக்கும் சூரியனே நடுவர். கோடு தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டால் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெரும்பாலும் அதற்கு முன்பே, "விளக்கு வைத்தாயிற்று, உள்ளே வாடி!" என்று அம்மாவின் குரல் வந்துவிடும்.

ஆக, முடிவு மூன்று வழிகளில் வந்தது. ஆட்டத்தின் விதியிலிருந்து வந்தது, இருட்டிலிருந்து வந்தது, வீட்டாரின் அழைப்பிலிருந்து வந்தது. ஆடிய சிறுமி தன்னைத்தானே அடக்கிக்கொள்ளப் பாடுபட வேண்டிய தேவை இருக்கவில்லை. நம் பாட்டிமார் நம்மைவிட மனவுறுதி மிக்கவர்கள் என்பதால் அளவோடு ஆடினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுடைய ஆட்டத்திலேயே அளவு இருந்தது.

காசு போட்டு ஆடிய காலம்

வீடியோ விளையாட்டின் வரலாறு பலர் நினைப்பதைவிடப் பழையது. 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவில் புரூக்கேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்னும் இயற்பியலாளர், பார்வையாளர் தினத்திற்கு வருவோரை மகிழ்விப்பதற்காக, ஒரு சிறிய வட்டத் திரையில் டென்னிஸ் ஆடும் கருவியை அமைத்தார். மக்கள் வரிசையில் நின்று ஆடிப் பார்த்தனர். அதை வைத்துக் காசு பண்ண வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

1972-ஆம் ஆண்டு அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. காசு போட்டால் ஓர் ஆட்டம் ஆடலாம். கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் சோதனைக்காக வைத்த முதல் இயந்திரம் சில நாட்களில் நின்றுவிட்டதாம். பழுதுபார்க்கச் சென்ற பொறியாளர் திறந்து பார்த்தபோது, காசுப் பெட்டி நிரம்பி வழிந்ததுதான் பழுதின் காரணம் என்று தெரிந்தது. 1978-இல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. 1980-இல் 'பாக்மேன்' வந்தது. அக்காலத்தில் ஆண்களே நிறைந்திருந்த ஆட்டக் கூடங்களுக்குப் பெண்களும் விரும்பி வர வேண்டும் என்று கருதியே பாக்மேனை உருவாக்கினார் டோரு இவாத்தானி.

இவ்வியந்திரங்களை வைத்திருந்தவருக்கு எதனால் இலாபம்? ஒருவர் போட்ட காசுக்குரிய ஆட்டம் விரைவில் முடிந்து, அடுத்தவர் காசு போட்டால்தான் இலாபம். ஆகவே நேரம் ஆக ஆக ஆட்டம் கடினமாகும்படி அமைத்தார்கள். காசு தீர்ந்ததும் ஆட்டம் தீர்ந்தது. பையில் இருந்த சில்லறையே அளவுகோல்.

பிறகு வீட்டிலேயே தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் பெட்டிகள் வந்தன. 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' எட்டு உலகங்கள் கொண்டது. உலகம் ஒன்றுக்கு நான்கு கட்டங்களாக மொத்தம் 32 கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் இளவரசியை மீட்டால் கதை நிறைவுறும். கடையில் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பின், நாம் எத்தனை மணி நேரம் ஆடினாலும் விற்றவருக்கு மேற்கொண்டு வருவாய் இல்லை. எனவே நம்மை எழவிடாமல் பிடித்து வைப்பதில் அவருக்குப் பெரிய அக்கறையும் இல்லை.

1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' ஒரு சுவையான விதிவிலக்கு. மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். அதில் வெற்றி என்ற முடிவே கிடையாது. 1989-இல் வந்த அதன் வீட்டுப் பதிப்பு ஒன்றில், 2023 டிசம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன் அதற்குமுன் மனிதர் எவரும் எட்டாத இடத்தை எட்டினான். அவன் வயது 13. அங்கே ஆட்டமே உறைந்து நின்றுவிட்டது! முடிவில்லாத ஓர் ஆட்டத்திற்கு ஒரு மனிதப்பிள்ளை முடிவு கண்டுபிடிக்க 34 ஆண்டுகள் ஆயின.

முற்றும் என்று போடாத கதை

இன்று நீங்கள் கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களில் பல இலவசம். "இலவசம்தானே டீச்சர்!" என்று நீங்களும் சொல்கிறீர்கள். பெரிய நிறுவனம் ஒன்று நூற்றுக்கணக்கானோரை வேலைக்கு வைத்து, பெருஞ்செலவில் ஒரு பொருளைச் செய்து, அதை நமக்கு ஏன் இலவசமாகத் தருகிறது? இடையில் வரும் விளம்பரங்களால் வருவாய் வருகிறது. ஆட்டத்திற்குள் விற்கும் உடை, ஆயுதம், பெட்டி ஆகியவற்றால் வருவாய் வருகிறது. நாம் எவ்வளவு நேரம் திரைமுன் இருக்கிறோமோ அவ்வளவு வருவாய். காசு போடும் இயந்திரத்தின் உரிமையாளர் நாம் சீக்கிரம் எழுந்து போக வேண்டும் என்று விரும்பினார். இலவச ஆட்டத்தின் உரிமையாளரோ நாம் எழவே கூடாது என்று விரும்புகிறார். எனவே இவ்வாட்டங்களில் 'முற்றும்' என்ற பலகை வருவதில்லை.

எழவிடாமல் செய்யும் வழிகள் சிலவற்றை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, தினப் பரிசு. நாள்தோறும் வந்தால் பரிசு உண்டு. ஒருநாள் தவறினால் தொடர்ச்சி அறுந்துவிடும். ஆடும் ஆசையைவிட, விட்டுப்போய்விடுமே என்ற அச்சமே நம்மை இழுக்கிறது.

இரண்டாவது, எதிர்பாராப் பரிசு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் ஓர் உண்மையைக் கண்டார். கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்த புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. பல ஆட்டங்களில் வரும் பரிசுப் பெட்டிகள் இவ்வடிப்படையில் அமைந்தவையே. சூதாட்ட இயந்திரமும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. இதனாலேயே ஜப்பான் அரசு 2012-இல் இத்தகைய பெட்டி முறைகளில் ஒன்றைத் தடுத்தது. பெல்ஜியம் 2018-இல் காசு கொடுத்து வாங்கும் சில பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

மூன்றாவது, அணி. நான்கு தோழியர் சேர்ந்து ஆடும்போது நடுவில் எழுந்தால் மற்ற மூவரும் தோற்றுப்போவார்கள். நட்பின் மீது நமக்குள்ள மதிப்பே இங்கு கட்டுக்கயிறாகிறது.

நான்காவது, இடைவெளி இல்லாமை. ஒரு கட்டம் முடிந்த மறுநொடியே அடுத்த கட்டம் தொடங்கிவிடுகிறது. மூச்சுவிட்டு, "போதுமா?" என்று மனம் கேட்பதற்கு இடமில்லை. எல்லா நிறுவனங்களும் இப்படியே நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற ஆட்டம், சிறிது நேரம் ஆடியதும் திறந்த ஜன்னல் ஒன்றின் படத்தைக் காட்டி, கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே என்று கேட்கும்!

என் சொந்த அனுபவம்

மாணவியரைக் குறை சொல்லி எழுதுவது எளிது. எனவே என்னையே சொல்லிக்கொள்கிறேன். 2020-ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்களைக் கைப்பேசி வழியாக நடத்தினோம். அப்போதுதான் நிறக் கற்களை வரிசை சேர்க்கும் ஆட்டம் ஒன்று எனக்கு அறிமுகமாயிற்று. பாடம் முடிந்த களைப்புத் தீர ஐந்து நிமிடம் என்று தொடங்கினேன். சில வாரங்களில் அது என் மாலைப்பொழுது முழுவதையும் எடுத்துக்கொண்டது.

என் தாயார் அப்போது எங்களுடன் இருந்தார். எழுபதைக் கடந்தவர். ஒரு மாலை, உள்ளறையிலிருந்து வெந்நீர் கேட்டுக் கூப்பிட்டார். "இதோ வந்துவிட்டேன் அம்மா" என்றேன். மறுபடியும் கூப்பிட்டார். "ஒரே நிமிஷம்" என்றேன். பிறகு குரல் இல்லை. நான் தலை நிமிர்ந்தபோது நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. உள்ளே சென்று பார்த்தேன். மாத்திரையைத் தண்ணீரின்றியே விழுங்கிவிட்டுப் படுத்திருந்தார். ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு தாமே அடுப்பங்கரைக்கு நடந்தார்.

அந்தக் காட்சியே எனக்குப் பாடமாயிற்று. என் வேலை கெடவில்லை, உடல் கெடவில்லை, பணமும் போகவில்லை. ஆயினும், கூப்பிட்டால் வருவாள் என்று என் தாயார் வைத்திருந்த நம்பிக்கை போயிற்று. அன்றே அந்த ஆட்டத்தை நீக்கினேன். மாலை ஆறு மணிக்குமேல் கைப்பேசியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிடும் வழக்கத்தை மேற்கொண்டேன். முதல் சில நாட்கள் கை பரபரத்தது உண்மை. இரண்டு வாரம் சென்றபின் ஒருநாள், உள்ளறையிலிருந்து மீண்டும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதைப்போல் இனிய குரலை நான் கேட்டதில்லை.

நன்மைகளும் உண்டு

வீடியோ விளையாட்டை முற்றிலும் தீயது எனத் தள்ளுவது நியாயமன்று. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையைப் பயிலும் 33 மருத்துவர்களைச் சோதித்தனர். முன்பு வாரத்திற்கு மூன்று மணி நேரத்திற்குமேல் வீடியோ விளையாட்டு ஆடிய பழக்கமுள்ளவர்கள், ஆடாதவர்களைவிடப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகப் பிழை செய்தனர். 27 சதவீதம் விரைவாகவும் முடித்தனர். இங்கே சொல்லப்பட்டது வாரத்திற்கு மூன்று மணி. நாளைக்கு மூன்று மணி அன்று என்பதைக் கவனியுங்கள்!

2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 'ஃபோல்டிட்' என்ற புதிர் விளையாட்டை உருவாக்கினர். புரதங்கள் எவ்வாறு மடிகின்றன என்பதே அதன் புதிர். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் வைரஸின் நொதி ஒன்றின் வடிவம் பல்லாண்டுகளாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. அதை இவ்விளையாட்டை ஆடியவர்கள் மூன்று வாரங்களுக்குள் கண்டறிய உதவினர். 2011-இல் இச்செய்தி வெளியாயிற்று.

2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கவனக்குறைவுக் கோளாறுள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதித் தரத்தக்க ஒரு வீடியோ விளையாட்டுக்கு அனுமதி அளித்தது. அதை நாளுக்கு 25 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்ற கணக்கில் ஆட வேண்டும். மருந்தாகத் தரப்படும் ஆட்டத்திற்கும் அளவு குறித்துத்தான் தருகிறார்கள்.

எப்போது நோயாகிறது?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றும் இடம்பெற்றது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டுள்ளன. ஆடுவதை அடக்க முடியாமை ஒன்று. உணவு, உறக்கம், படிப்பு, உறவு ஆகிய எல்லாவற்றிற்கும் முன்னால் ஆட்டத்தை வைத்தல் இரண்டு. தீங்கு விளைகிறது என்று தெரிந்தும் தொடர்தல் மூன்று. இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்து, வாழ்வைப் பெரிதும் பாதித்திருந்தால்தான் நோய் எனப்படும். ஆடுவோரில் மிகச் சிறு பகுதியினருக்கே இது நேர்கிறது என்று அந்நிறுவனமே கூறுகிறது. ஆகவே விடுமுறையில் இரண்டு மணி நேரம் ஆடிய பெண்ணைப் பார்த்து "உனக்கு வியாதி" என்று சொல்வது தவறு. அதேபோல், நோய் வரவில்லை என்பதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணுவதும் தவறு. என் கதை நோயின் கதையன்று. ஆயினும் அதில் இழப்பு இருந்தது.

சட்டம் முடித்து வைக்குமா?

ஆட்டத்திற்கு அரசே முடிவு வைக்க முயன்ற நாடுகளும் உண்டு. தென்கொரியாவில் 2011 முதல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை இணையத்தில் விளையாடக் கூடாது என்ற சட்டம் இருந்தது. பிள்ளைகள் பெற்றோரின் எண்ணைக் கொண்டு நுழைந்தனர். கைப்பேசி ஆட்டங்களுக்கு மாறினர். 2022 தொடக்கத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. சீனா 2019-இல் சிறுவர்களுக்குப் பள்ளி நாட்களில் 90 நிமிடம் என்று வரையறுத்தது. 2021 செப்டம்பர் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று இறுக்கியது. 2019 விதிக்குப்பின் மிகுதியாக ஆடுவது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

நம் நாட்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களால் பல குடும்பங்கள் துன்புற்றதை அறிவோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய பண ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. இது வரவேற்கத்தக்கது. எனினும் பணம் பறிக்கும் ஆட்டத்தைச் சட்டம் தடுக்கலாம். நேரம் பறிக்கும் ஆட்டத்தை வீட்டுக்குள் வந்து நிறுத்த எந்தச் சட்டத்தாலும் இயலாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

ஒரு வாரக் கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்திற்கு 168 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்க்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கருத்து. 9 மணி என்று கொண்டால் வாரத்திற்கு 63. பள்ளியும் போக்குவரத்தும் நாளுக்கு 9 மணியாக ஐந்து நாளுக்கு 45. வீட்டுப்பாடமும் படிப்பும் நாளுக்கு இரண்டாக 14. குளியல், உணவு, தலைவாருதல் ஆகியவற்றுக்கு நாளுக்கு இரண்டரையாக 17½. வீட்டுவேலையில் உதவி நாளுக்கு ஒன்றாக 7. ஓடியாடும் விளையாட்டு நாளுக்கு ஒன்றாக 7. கூட்டினால் 153½ வருகிறது. மீதி 14½ மணி.

இந்த 14½ மணியில்தான் வழிபாடு, உறவினர் வீடு, தோழியருடன் பேச்சு, கதைப் புத்தகம், தொலைக்காட்சி எல்லாம் அடங்க வேண்டும். நாளுக்கு மூன்று மணி நேரம் வீடியோ விளையாட்டு என்றால் வாரத்திற்கு 21 ஆகிறது. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் 6½ மணி நேரம் கடன்! அக்கடனைப் பெரும்பாலும் உறக்கத்திலிருந்தே எடுக்கிறோம். முதல் பிரிவு வேளையில் மேசைமீது தலை சாயும் பெண்ணைப் பார்த்தால், கடன் எங்கிருந்து வாங்கப்பட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

மாறாக, பள்ளி நாட்களில் அரைமணி, சனி ஞாயிறுகளில் ஒவ்வொரு மணி என்று வைத்துக்கொண்டால் வாரத்திற்கு 4½ மணி. இன்னும் 10 மணி நேரம் கையில் இருக்கிறது.

ஓடியாடும் ஒரு மணியைக் குறைத்துவிடாதீர்கள். 5 முதல் 17 வயதுள்ளோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்கு உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விடப்பட்ட பிள்ளைகளில் மூன்றாண்டில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதத்தினருக்கு வந்தது. கண்ணாடி அணிந்த பெண்கள் வகுப்புக்கு வகுப்பு கூடிவரும் இந்நாளில் இது எண்ணத்தக்கது.

நாமே முடிவு வைக்கும் வழிகள்

1. தொடங்கும் முன்பே முடிவைச் சொல்லுங்கள். "இரண்டு ஆட்டம், அதன்பின் கணக்குப் பாடம்" என்று வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மனத்துக்குள் சொல்லிக்கொண்டது மறந்துவிடும்.

2. கடிகாரத்தைக் கைப்பேசிக்கு வெளியே வையுங்கள். எழுப்புமணி அறையின் மறுகோடியில் இருந்தால், அதை நிறுத்த எழுந்தே ஆக வேண்டும். எழுந்துவிட்டால் பாதி வெற்றி.

3. படுக்கும் இடத்திற்குக் கைப்பேசி வர வேண்டாம்.

4. அறிவிப்பு மணிகளை நிறுத்திவிடுங்கள். ஆட்டம் உங்களை அழைக்கக் கூடாது. நீங்கள்தான் ஆட்டத்திற்குப் போக வேண்டும்.

5. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபது விநாடி, இருபது அடிக்கு அப்பால் உள்ள பொருளைப் பாருங்கள். கண் மருத்துவர்கள் கூறும் எளிய பயிற்சி இது.

6. முகம் தெரியாதவரோடு ஆடும்போது உங்கள் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் கொடாதீர்கள். எவரேனும் தனியே பேச அழைத்தாலோ, படம் கேட்டாலோ, "வீட்டில் சொல்லாதே" என்றாலோ, அன்றே வீட்டில் சொல்லுங்கள். தவறு உங்களுடையதன்று. வீட்டில் சொல்லத் தயங்கினால் ஆசிரியையிடமோ சிஸ்டரிடமோ சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

7. தோழி ஒருத்தி ஆட்டத்திலிருந்து மீள முடியாமல் தவிக்கிறாள் என்றால் கேலி செய்யாதீர்கள். மனநலத்திற்கான அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. உதவி கேட்பது வெட்கத்திற்குரியதன்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்புள்ள பெற்றோரே! ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குவதால் சண்டை வளருமேயன்றிப் பழக்கம் மாறாது. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். "இந்த நொடியே நிறுத்து" என்பதைவிட, "இந்த ஆட்டம் முடிந்ததும் நிறுத்து" என்பது அவள் நிறைவேற்றக்கூடிய கட்டளை. ஒருநாள் அருகில் அமர்ந்து, "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். மகள் என்ன ஆடுகிறாள், யாருடன் ஆடுகிறாள் என்பது அதட்டலில் தெரியாதது அன்பில் தெரிந்துவிடும். அவள் ஏன் அங்கே போகிறாள் என்பதும் தெரியவரும். வகுப்பில் தோற்றுக்கொண்டே இருக்கும் பெண்ணுக்கு வெல்லக்கூடிய இடம் அது ஒன்றுதானோ என்று எண்ணிப் பாருங்கள். அப்படியானால் பிடுங்க வேண்டியது கைப்பேசியை அன்று. நீக்க வேண்டியது அவள் மனச்சோர்வை.

சாப்பாட்டு வேளையில் உங்கள் கைப்பேசிகளும் அலமாரிக்குப் போகட்டும். தந்தை திரையைப் பார்த்துக்கொண்டு மகளிடம் "திரையைப் பார்க்காதே" என்றால் எடுபடாது.

முடிவுரை

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நாம் அறிந்த பழமொழி. அந்த அளவைக் கண்டுகொள்வது எப்படி? மணிக்கணக்கு உதவும், ஆனால் அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. யாரேனும் உங்களைக் கூப்பிடும்போது எழுந்து போக முடிகிறதா? பாட்டி தண்ணீர் கேட்கிறார்; தம்பி கணக்குச் சந்தேகம் கேட்கிறான்; தோழி வாசலில் நிற்கிறாள். எழ முடிந்தால் நீங்கள் ஆட்டத்தை ஆடுகிறீர்கள். எழ முடியாவிட்டால் ஆட்டம் உங்களை ஆட்டுகிறது.

முன்னாளில் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவின் குரல் ஆட்டத்தை முடித்து வைத்தது. அக்குரல் இன்றும் வீடுதோறும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது ஓய்ந்துபோகும்வரை காத்திராமல், முதல் அழைப்பிலேயே எழுந்து செல்லும் பெண்களாக வளர்வோமாக!

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பழைய ஆட்டங்களுக்கு முடிவு வந்த மூன்று வழிகள் யாவை? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைக் கேட்டறிந்து, அது எவ்வாறு முடிந்தது என எழுதுக.

2. காசு போட்டு ஆடிய இயந்திரத்திற்கும் இலவச ஆட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. உங்கள் 168 மணி நேரத்தை உள்ளது உள்ளபடி எழுதிப் பார்க்க. கடன் எங்கே விழுகிறது?

4. இந்த வாரம் வீட்டில் உங்களை எத்தனை முறை கூப்பிட்டார்கள்? எத்தனை முறை முதல் அழைப்பிலேயே எழுந்தீர்கள்? இவ்விடையை எவரிடமும் காட்ட வேண்டாம். நீங்கள் அறிந்தால் போதும்.